கழுவி வைத்த கலங்கல்

பாலசுந்தரத்தின் விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாக வந்தது. கடைசித் தேதி செவ்வாய்க்கிழமை. புத்தூர் தபால் முத்திரையோடு அந்த நீள உறை என் மேஜைக்கு வந்து சேர்ந்தது புதன்கிழமை காலை. ரப்பர் முத்திரையின் தேதியை ஒரு பல் பின்னுக்குத் திருப்பி, செவ்வாய்க்கிழமை என்று குத்தி, மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்துக் கட்டினேன். அரசாங்க வேலையில் நான் செய்த முதல் தில்லுமுல்லு அது. அதை நல்ல காரியம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு செய்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1957ஆம் வருஷம். ஏரி, ஆற்றுக்கரை வேலைகளைப் பார்க்கும் ஓர் ஆபீசில், சித்தூரில், நான் குமாஸ்தா. பெயர் கன்னையா. ஆந்திரம் தனியாகப் பிரிந்ததிலிருந்து எங்களுக்கு இன்ஜினீயர் பஞ்சம். அனுபவசாலிகளில் பாதிப் பேர் சென்னைப் பக்கமே தங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கிருஷ்ணா, கோதாவரி ஜில்லாக்காரர்கள் வாரிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஆறுகளின் கரைகள் மழைக்கு மழை அரித்துக்கொண்டே போக, வெள்ளத் தடுப்பு வேலைக்கென்று புத்தூரில் தற்காலிக ஆபீஸ் ஒன்று திறக்கவும், அதற்கு மூத்த இன்ஜினீயர் ஒருவரை எடுக்கவும் ஒருவழியாக உத்தரவு வந்தது. இருபது வருஷ அனுபவம் வேண்டும், தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், ஜீப் உண்டு, வேலை நிரந்தரமில்லை. பதினோரு பேர் விண்ணப்பித்திருந்தார்கள்.

பாலசுந்தரத்தின் தாளில் அனுபவம் என்ற கட்டத்தில் இருந்த ஒரு வரிதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது. புத்தூர்த் தாலுகா ஏரிகள், ஆறு வருஷம். என் சொந்த ஊர் கரணைக்குப்பம் அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. எங்கள் ஏரிக்கரை எலி வளையும் கருவேல வேருமாகப் பல் போன வாய் மாதிரி நின்றது. கரைக்குக் கீழே முப்பது குடிசைகள். அவற்றுக்கு அப்பால் எங்கள் நெல். பழுது பார்க்கச் சொல்லி ஊரார் எழுதிய மனுக்கள் எல்லாம் ஒரே பதிலோடு திரும்பி வந்தன. எல்லைத் தகராறு முடியட்டும் என்பது அந்தப் பதில். நகரி, புத்தூர்ப் பக்கத்தில் எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எது சென்னை மாநிலத்துக்குப் போகும் என்று நடுவர் தீர்ப்பு சொல்லும்வரை, போய்விடக்கூடிய ஊரில் ஒரு கூடை மண் கொட்டவும் யாருக்கும் மனசில்லை.

"பொண்ணு எந்த வூட்டுக்குப் போவப் போவுதுன்னு தெரியாம எவன்டா நகை செஞ்சி போடுவான்?" என்றான் என் அண்ணன் சின்னசாமி. அவன் கடைமடையில் நெல் வைத்திருந்தான். அதில் பாதி என் பங்கு.

தமிழ் பேசுகிற, புத்தூரிலேயே குடியிருக்கிற இன்ஜினீயர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், தீர்ப்பு வருவதற்குள் எங்கள் கரை எழும்பிவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். அதனால்தான் முத்திரையைத் திருப்பினேன்.

நேர்காணல் அன்று பைல்களை எடுத்துக் கொடுக்க நானும் அந்த அறையில் இருந்தேன். பாலசுந்தரத்துக்கு ஐம்பத்தோரு வயது. குள்ளமான, கறுத்த மனிதர். கித்தான் பூட்சில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. உட்காரச் சொல்லும்வரை நின்றார். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பெரிய இன்ஜினீயர் குண்டூர்க்காரர். சென்னைப் பக்கத்து நிரந்தர வேலையை ஏன் விட்டீர்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

மாநிலம் பிரிந்தபோது தயாரித்த பட்டியலில் தன் பெயர் சென்னைப் பக்கம் விழுந்தது என்றார் பாலசுந்தரம். ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் அவர் மனைவி தாட்சாயணி கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புத்தூர்க் கட்டு போட்டும் சரியாகக் கூடவில்லை. அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் போக முடியாது. "ஆறு மாதம் லீவு கேட்டேன், கொடுக்கவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்" என்று முடித்தார். நான்கு வருஷமாக அவருக்கு வேலை இல்லை. அவருடைய தெலுங்கு எங்கள் எல்லைப்புறத்துத் தெலுங்கு. அதைக் கேட்டு குண்டூர்க்காரருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது.

"செப்பண்டி" என்றார் அவர், சொல்லுங்கள் என்று. வெள்ளத்தில் கரைகள் ஏன் உடைகின்றன?

மற்ற பத்துப் பேரிடமும் அதே கேள்விதான். அவர்கள் மழையளவு, மண்ணின் தன்மை என்று மணிக்கணக்கில் பேசியிருந்தார்கள். பாலசுந்தரம் கொஞ்ச நேரம் குடைப்பிடியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு, "ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் நமக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். அந்த இடத்தில்தான் உடையும்" என்றார்.

அவர்கள் அவரை இரண்டாவதாகத்தான் போட்டார்கள். முதலாவதாக வந்தவர் புத்தூரில் வாடகை வீடும் சாப்பாடும் எப்படி என்று விசாரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டார். அப்படியாக வேலை இவருக்கு வந்தது. கேம்ப் குமாஸ்தாவாக என்னைப் போடச் சொல்லி நானே கேட்டு வாங்கிக்கொண்டு புத்தூர் போனேன்.

சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "செவ்வாக்கெழமை சாயந்திரம் இருட்டற நேரத்துக்குத்தான் கவரைப் பெட்டியில போட்டேன் கன்னையா. அன்னிக்கே சித்தூர் வந்துடுச்சாமே. நம்ம தபால்காரங்க கெட்டிக்காரங்கதான்."

நான் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து என் வார்த்தைக்கு அவர் மறு வார்த்தை கேட்டதில்லை. அந்த நம்பிக்கை அவருக்கு வராமலே போயிருக்கலாம்.

அவரோடு ஒரு வருஷம் சுற்றினேன். அப்படி வேலை செய்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மை மழையில் கரையும் என்று பென்சிலில்தான் எழுதுவார். எந்த ஊரிலும் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார். தாட்சாயணி அம்மாள் உட்கார்ந்தபடியே பிசைந்து கட்டிக் கொடுத்த தயிர்சோறுதான். நாங்கள் கொண்டுபோகிற பழைய வரைபடங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டு, ஊர் வண்ணார் யார் என்று கேட்பார். ஆற்றிலும் ஏரியிலும் வருஷம் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் அவர் ஒருவர்தான், எந்த வருஷம் எந்தக் கல்வரைக்கும் தண்ணீர் ஏறியது என்று அவருக்குத் தெரியும் என்பார். காளஹஸ்தியில் சொர்ணமுகிக் கரையில் ஒரு வண்ணார் காட்டிய பனைமரத்து வடுவை வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து வந்த பழைய கணக்கு மூன்றடி தப்பு என்று காட்டினார். குண்டூர்க்காரரே அதை ஒப்புக்கொண்டார்.

ஐப்பசியில் அவர் எங்கள் ஊருக்கு வருவதாகத் தேதி குறித்தார். நான் முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் கலங்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஒரு கோடியில் கல்லால் கட்டிய வாய் இருக்கும். அதுதான் கலங்கல். அதன் மேல் இரண்டடி உயரக் கருங்கற்களை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருப்பார்கள். மழைக்காலமெல்லாம் முடிந்த பிறகு, ஆபீசில் கேட்டுக்கொண்டு, அந்த இடைவெளிகளில் மண்ணும் புல்லோடு பெயர்த்த மண்கட்டியும் வைத்து அடைக்கலாம். ஏரியில் இரண்டடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். எங்கள் ஊரில் யாரும் கேட்பதுமில்லை, மழை முடியக் காத்திருப்பதுமில்லை. ஐப்பசி முதல் மழைக்கே அடைத்துவிடுவோம். கடைமடையில் அறுபது ஏக்கர் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தது. கண்டுபிடித்தால் கல்லையே பெயர்த்துவிடுவார்கள் என்று பயம். அதனால் எந்த அதிகாரி வந்தாலும் முதல் நாள் மண்ணை எடுத்துவிட்டு, கல்லைக் கழுவி வைப்போம். அவர் ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியதும் திரும்ப அடைப்போம். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கோயிலுக்கு வெள்ளை அடிப்பது மாதிரி, அதிகாரி வந்தால் கலங்கலைக் கழுவுவது.

பாலசுந்தரம் வந்தபோதும் கழுவினோம். நாங்களாகத் தேடிக் கொண்டுவந்த மனிதர் அவர். எங்களுக்காக வந்தவர். அவருக்கும் கழுவினோம்.

அவர் கரை முழுக்க நடந்துவிட்டுக் கலங்கல் மேல் வந்து நின்றார். ஊர்ப் பெரியதனக்காரர் நாராயணசாமியும் என் அண்ணனும் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றார்கள்.

"உங்க ஊர் வண்ணார் எங்க?" என்றார்.

"பாலையா பள்ளிப்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு சார்" என்றேன். கல்யாணம் எதுவும் இல்லை. நாராயணசாமி விடியற்காலையிலேயே அவரை அனுப்பி வைத்திருந்தார்.

பாலசுந்தரம் குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். "கல்லெல்லாம் இப்பதான் தல முழுகிட்டு வந்தா மாதிரி இருக்குதே."

"நேத்து மழை சார்."

"மழை மேல் பக்கத்தக் கழுவும். இடுக்கையும் கழுவுமா?" என்று சிரித்தார். பிறகு குடையை விரித்து என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டு நாலடி தள்ளி அழைத்துப்போனார். "கன்னையா, இங்க மண் வெக்கறாங்களா? வெச்சா சொல்லிடு. நான் யாரையும் புடிச்சிக் குடுக்கப் போறதில்ல, எழுதவும் மாட்டேன். என் கணக்குதான் மாறும். கரைய இன்னும் ரெண்டடி ஒசத்தணும், கலங்கல நாப்பதடி நீட்டணும். ஏதாவது ஒரு காரணம் காட்டி நான் எஸ்டிமேட் போட்டுக்கறேன். நெசத்த மட்டும் சொல்லு."

அவர் தோள் மேலாக அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார். எங்க ஊர்ல அந்தப் பழக்கம் இல்ல."

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் உண்மையைச் சொல்வதில் எங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று தெரிந்திருக்கும். கரை உயரும், கலங்கல் நீளும், மண் வைப்பதும் நின்றுபோகாது. அதிகாரி கேட்டால் இல்லை என்று சொல்லியே பழகின வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து அளவுக் குறிப்பு எழுதும் நோட்டை எடுத்து, பென்சிலால் ஏதோ எழுதி, நாடாவால் கட்டி வைத்தார்.

பிறகாவது சொல்லியிருக்கலாம். எஸ்டிமேட்டை டைப் அடித்தது நான்தான். கரையின் உயரம் இத்தனை அடி என்று அடிக்கும்போது விரல் நின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்றால், போன மாதம் ஏன் பொய் சொன்னாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு கோடைகாலம் முழுவதையும் ஓட்டினேன். கரை வேலை ஆனியில் முடிந்தது. எலி வளைகளைத் தோண்டி அடைத்து, கருவேலத்தை வேரோடு பிடுங்கி, களிமண் வைத்து இடித்து, அவர் சொன்ன உயரத்துக்கு நூல் பிடித்தது போல் எழும்பி நின்றது. ஊரார் அவருக்கு மாலை போட வந்தார்கள். அவர் வாங்கிக் கரை மேல் வைத்துவிட்டார்.

அடுத்த கார்த்திகை. தீபத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஏரியின் நீர்க்கட்டி துலுக்காணம் நனைந்த கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நாராயணசாமி வீட்டுக்கு வந்தார். மடை திறப்பதும் மூடுவதும் கலங்கலைப் பார்ப்பதும் அவர் வேலை. கரைக்குக் கீழே முதல் குடிசை அவருடையது. நானும் அண்ணனும் அங்கே இருந்தோம்.

"தண்ணி கல்லு மேலயே ஏறிக்கினு கீது. மண்ண எடுத்துடலாங்க" என்றார்.

"மதியத்துக்குள்ள மழை வுட்ரும்டா. இப்ப எடுத்துட்டா நாளைக்கு எவன் மறுபடி கொண்டாந்து வெக்கறது?" என்றார் நாராயணசாமி.

துலுக்காணம் என்னைப் பார்த்தார். இன்ஜினீயரோடு சுற்றுகிறவன், இவனுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியும். கரையின் உயரம் எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும், டைப் அடித்தவன் நான். "புதுக் கரை, தாங்கும்" என்றேன்.

தாங்கவில்லை. பத்து மணி வாக்கில் துலுக்காணம் யாரையும் கேட்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கலங்கலுக்குப் போனார். இரண்டு இடுக்கு மண்ணைப் பெயர்த்திருக்கிறார். மூன்றாவதைப் பெயர்க்கும்போது தண்ணீர் அவரை வாரிக்கொண்டு போனது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்து ஏரி கரையின் நடுவில் வழிந்தது. வழிந்த இடம் முதலில் ஒரு முழம் அறுத்தது, பிறகு ஒரு வண்டி அகலம். பிறகு முப்பது குடிசைகள் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. துலுக்காணத்தோடு சேர்த்து ஒன்பது பேர். நான்கு பேர் குழந்தைகள்.

மறுநாள் காலை மழை நின்றிருந்தது. ஏரி காலி. ஒரு கோடியில் கலங்கல் மட்டும் அசையாமல் நின்றது, துலுக்காணம் திறந்த இரண்டு இடுக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மண்ணும் புல்லும் அப்படியே இருக்க. காளஹஸ்திக் கரையில் இருந்த இன்ஜினீயர் பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று போலீஸ்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை சேற்றில் பிணம் தேடிக்கொண்டிருந்தவர்களில் பத்து ஆண்பிள்ளைகளை நாராயணசாமி பேர் சொல்லிக் கூப்பிட்டார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் கலங்கலுக்குப் போனோம். மண்ணைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளினோம். அண்ணன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, நான் வைக்கோலைச் சுருட்டிக் கல்லின் இடுக்கைத் தேய்த்தேன். ஐந்து பேர் இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் கல்லைக் கழுவினோம்.

பாலசுந்தரம் வந்தார். உடைப்பைப் பார்த்தார். பிணங்களைக் கிடத்தியிருந்த வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தனியாகக் கலங்கல் வரைக்கும் நடந்து, ஒரு கல்லின் இடுக்கில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

விசாரணை, அதிகாரிகள் வந்து தங்கும் புத்தூர் முசாபரி பங்களாவில் நடந்தது. வாசலில் எங்கள் ஊரே நின்றது. ஊர்க்காரர்கள் மண் வைத்ததால்தான் உடைந்தது என்று ஆனால், இழப்பீடும் இல்லை, வீட்டு மனையும் இல்லை, நாராயணசாமியும் என் அண்ணனும் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று யாரோ வக்கீல் சொல்லியிருந்தார். துலுக்காணத்தின் மனைவி வெங்கடம்மாவை முதலில் கூப்பிட்டார்கள். புருஷன் கடப்பாரையோடு எதற்குப் போனான் என்று கேட்டார்கள். அவள் வாசலில் நின்ற நாராயணசாமியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி பாக்கப் போனாரு. எனுக்கு அவ்ளோதான் தெரியும்."

பிறகு பாலசுந்தரம் தன் நோட்டைக் கொடுத்தார். போன வருஷம் ஐப்பசியில் எழுதிய பக்கத்தை விசாரணை அதிகாரி வாய்விட்டுப் படித்தார். கலங்கல் கற்கள் புதிதாகக் கழுவப்பட்டவை. மண் வைக்கும் வழக்கம் உண்டா என்று இதே ஊரைச் சேர்ந்த நம் குமாஸ்தா கன்னையாவைக் கேட்டேன். இல்லை என்றார். அவர் சொல்லை நம்பி உயரம் குறிக்கிறேன்.

அதிகாரி என்னைத் தெலுங்கில் கேட்டார். இவர் உன்னைக் கேட்டாரா?

"அடகலேது" என்றேன். கேட்கவில்லை என்று அர்த்தம்.

முதல் பொய் அவருக்காக, இரண்டாவது ஊருக்காக என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது எனக்காக. கேட்டார், நான் பொய் சொன்னேன் என்றால், ஒன்பது பேர் சாவு என் தலையில் விழும், வேலை போகும். எனக்கு முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் குழந்தைகள்.

பாலசுந்தரம் நோட்டைத் திரும்ப வாங்கி, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை" என்றார். கரையின் உயரத்தைக் கணித்ததில் கவனக் குறைவு என்று எழுதினார்கள். தற்காலிக வேலை என்பதால் நீக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அடுத்த மாதத்துக்கு நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான். வெங்கடம்மாவுக்கு மனை கிடைத்தது, பழைய இடத்திலேயே, கரைக்குக் கீழே.

1960 ஏப்ரலில் எல்லை மாறியது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. எதற்குப் பயந்து அத்தனை அவசரப்பட்டோமோ அது நடக்கவே இல்லை. கரையைத் திரும்பக் கட்டினார்கள். புதிதாக அளவெடுக்க ஆள் இல்லை என்று, பாலசுந்தரத்தின் அதே வரைபடத்தை வைத்தே, அதே உயரத்துக்குக் கட்டினார்கள். கவனக் குறைவான வரைபடம் அதற்குள் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

1961இல் வெள்ளத் தடுப்புக்கு மறுபடி மூத்த இன்ஜினீயர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நான் சித்தூர் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா ஆகியிருந்தேன். விண்ணப்பங்கள் என்னிடம்தான் வந்தன. பாலசுந்தரத்தின் உறை கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்பாகவே வந்துவிட்டது. முத்திரையைத் திருப்ப வேண்டிய தேவை இல்லை. கரணைக்குப்பம் ஏரியை மறைக்காமல் எழுதியிருந்தார், கரை உடைந்தது, ஒன்பது பேர் இறந்தார்கள் என்றும் சேர்த்து. தாளின் கடைசியில், உங்கள் வேலையை நேரில் அறிந்த இருவர் பெயர் என்று ஒரு கட்டம். முதல் பெயர் ஓய்வு பெற்ற ஓர் இன்ஜினீயர். இரண்டாவது பெயர் என்னுடையது.

அரை மணி நேரம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேலி செய்கிறாரா என்று முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு புரிந்தது. அவர் வேலையில் தப்பில்லை என்று தெரிந்த படித்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். வேறு யார் பெயரைத்தான் அவர் எழுதுவார்?

விதிப்படி அந்த இருவருக்கும் ஆபீசிலிருந்து கடிதம் போக வேண்டும். எனக்கு வரவேண்டிய கடிதத்தை நானே தயாரித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். மறுநாள் தபால் கட்டில் அது என் மேஜைக்கே வந்தது. விண்ணப்பதாரரின் திறமை, நேர்மை பற்றி உங்கள் கருத்து என்ன? பத்து நாள் அதை இழுப்பறையில் வைத்திருந்தேன். உண்மையை எழுதிப் பார்த்தேன். நான்கு வரி ஆனதும் கிழித்தேன். கடைசி நாளில், கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று எழுதி வைத்தேன். அது பொய்யில்லை என்று அப்போது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. தேர்வுக் குழுவில் அதைப் படித்தவர், கூட வேலை செய்த குமாஸ்தாவே நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்றார். வேலை நெல்லூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் புத்தூர்ச் சந்தையில் அவரைப் பார்த்தேன். தப்பித்துப் போகப் பார்ப்பதற்குள் அவரும் பார்த்துவிட்டார். வேட்டி கட்டியிருந்தார். கையில் அதே குடை, இன்னொரு கையில் காய்கறிப் பை. கொஞ்ச தூரத்தில் ஒரு கடைப்படியில் தாட்சாயணி அம்மாள் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஏரி ரொம்பிடுச்சா கன்னையா?"

"ரொம்பிடுச்சு சார்."

"அதே ஒசரத்துக்குத்தான் கரை கட்டியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்." பையைக் கீழே வைத்தார். "இந்த வருஷம் மண் வெச்சிருக்காங்களா?"

ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் பையை அங்கேயே போட்டுவிட்டுச் சித்தூர் பஸ் ஏறியிருப்பார். ஆபீஸ் ஆபீசாகப் போய் நின்று கத்தியிருப்பார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தேன். கலங்கல் மேலாக நடந்துதான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கல்லுக்குக் கல் இடையில் புது மண் ஈரமாக இருந்தது, செருப்பில் ஒட்டியது. கரைக்குக் கீழே வெங்கடம்மா புது வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, எப்ப வந்தே நைனா என்று கேட்டாள்.

"இல்ல சார்" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு, அவர் பையை எடுத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்த கடைப்பக்கம் போனார். மழை தூறத் தொடங்கியிருந்தது.